அலறலின் காரணம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒருமுறை ஒன்பது வயதுள்ள என் தமக்கை மகனைப் பேருந்தில் அவ்வழியே அழைத்துச் சென்றோம். அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஏழாவது வளைவில் அலறித் தன் கையையே கடித்துக்கொண்டான். "இரண்டு அடி போட்டால் அடங்குவான்" என்றார் ஒரு பெரியவர். வெட்கத்தால் நானும் கையை ஓங்கிவிட்டேன். தமக்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அதட்டவில்லை, உபதேசமும் செய்யவில்லை. அவன் செவிகளைப் பொத்தி, "சத்தம் அதிகம். அம்மா இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பொறுத்திருந்தாள். வளைவுதோறும் ஒலித்த ஊதுகுழலே அவனை வதைத்திருக்கிறது!

மாணவ நண்பர்களே, 1943-ல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் என்னும் இந்நிலையை விவரித்தார். நமக்குச் சிறிதாகும் ஓசை, இவர்களுட் பலருக்குத் தாங்கொணாதது. பேச இயலாதபோது அலறலே பேச்சாகிறது. ஆகவே, அலறலுக்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது என்று நாள்தோறும் குறித்துவந்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில் பெற்றோர் குழந்தையுடனேயே தங்கி இத்தகைய பயிற்சி பெறுகின்றனர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்ற 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. பேருந்தில் அருகிருப்போர்க்குச் சட்டமா தெரிகிறது?

இறங்கும்போது தமக்கை அவன் செவிகளில் பஞ்சு வைத்து, 20 புளியங்கொட்டைகளை மடியில் கொடுத்தாள். வளைவுக்கு ஒன்றாக அவன் எடுத்துத் தர, நான் பையில் போட்டு வந்தேன். பதினோராவது வளைவில் சிறிது அழுதான், கையைக் கடிக்கவில்லை.