பூனையின் நாவும் தோல் அரிப்பும்

நாய்க்கு அரிப்பு கண்டால் அது பின்னங்காலால் உடலைச் சொறிவதை வீடே பார்க்கும். பூனையிடமோ அரிப்பு பெரும்பாலும் நக்குதலாக வெளிப்படுவதால், தூய்மையை விரும்பும் பிராணியின் இயல்பான பழக்கம் என்று அதை வளர்ப்போர் எடுத்துக்கொண்டு பல மாதங்களைக் கடத்திவிடுகின்றனர். பூனையின் நாவில் தொண்டையை நோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான நுண்முட்கள் உள்ளன. நகங்களில் இருக்கும் கெரட்டின் என்னும் அதே பொருளால் ஆன இம்முட்களின் நுனி குழிந்திருப்பதையும், அக்குழி உமிழ்நீரை உறிஞ்சி மயிரின் அடிவரை கொண்டுசேர்ப்பதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் விளக்கினர். சீப்பும் ஈரத்துணியும் ஒன்றாய்ச் சேர்ந்தது போன்ற இந்த நா, அரிப்பெடுக்கும் ஓரிடத்தில் நாள்தோறும் மீண்டும் மீண்டும் உரசும்போது மயிரைத் தோலருகே ஒடித்துவிடுகிறது. ஆள் இல்லாத நேரத்திலேயே பல பூனைகள் இதைச் செய்வதால், வயிற்றிலும் உட்தொடையிலும் மயிர் தேய்ந்து மெலிவதும், வாந்தியிலும் மலத்திலும் மயிர் மிகுதியாகக் காணப்படுவதுமே முதல் அடையாளங்களாக அமைகின்றன. மயிர் தானாக உதிர்ந்ததா, நக்குதலால் ஒடிந்ததா என்ற ஐயம் எழுந்தால், சில மயிர்களைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவருக்கு விடை எளிதில் கிடைத்துவிடும். கூர்ந்து மெலிந்த நுனி இயல்பான மயிருக்கு உரியது, முறிந்த நுனி நாவின் வேலை.

காரணம் எதுவாயினும் பூனையின் தோல் ஒருசில வடிவங்களிலேயே தன் துன்பத்தைக் காட்டுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. தலையிலும் கழுத்திலும் நகத்தால் கீறிக்கொண்ட புண்கள், முதுகில் தடவினால் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் தினையளவுப் பொருக்குகள், நக்கியதால் ஏற்படும் சமச்சீரான வழுக்கை, ஈயோசினோபில் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்கள் திரண்டு உதட்டிலோ வயிற்றிலோ தொடையிலோ தோன்றும் சிவந்த தடிப்புகளும் புண்களும் ஆகிய இந்நான்கும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே காரணம் வெவ்வேறு பூனைகளில் வெவ்வேறு வடிவம் எடுக்கும். வெவ்வேறு காரணங்கள் ஒரே வடிவத்திலும் தோன்றும். எனவே புண்ணின் தோற்றத்தைப் படத்தோடு ஒப்பிட்டு நோயின் பெயரைத் தீர்மானிக்கும் முயற்சி பெரும்பாலும் வீணாகிறது. காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டு செல்லும் பொறுமையே இங்கு வழி.

அவ்வரிசையில் முதலில் நிற்பது தெள்ளுப்பூச்சி. உண்ணியைப் போல ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிராமல் மயிரிடையே ஓடித் திரிந்து, தாவிச் செல்லும் இந்தச் சிறகற்ற பூச்சி கடிக்கும்போது, அதன் உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பூனையின் தோலுக்குள் செல்கின்றன. அப்புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதி மிகையாக எதிர்வினை செய்வதே ஒவ்வாமை எனப்படுகிறது. ஒவ்வாமை கொண்ட பூனைக்கு ஒருசில கடிகளே பல நாள் அரிப்புக்குப் போதுமானவை. “எங்கள் பூனையின்மேல் பூச்சியே இல்லை” என்று வளர்ப்போர் உறுதியாகக் கூறுவதில் பொய்யில்லை, ஆனால் அதற்குக் காரணம் பூனையின் நாவே. தெள்ளுப்பூச்சி நிறைந்த வீடொன்றில் சில பூனைகளுக்கு நக்க முடியாதபடி கழுத்தைச் சுற்றிப் புனல் வடிவப் பட்டை கட்டி மூன்று வாரம் கவனித்த ஆய்வு 2000இல் வெளியானது. பட்டை கட்டிய பூனைகளின் உடலில், கட்டாத பூனைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு பூச்சிகள் இருந்தன. அரிப்பு மிகுந்த பூனை சாட்சியங்களை எல்லாம் விழுங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். விழுங்கப்படும் தெள்ளுப்பூச்சி வழியாக நாடாப்புழுவும் குடலுக்குள் சேர்வதால், மலவாய்க்கருகே அரிசி மணி போன்ற வெண்துண்டுகள் காணப்படுவது பூச்சி இருந்ததற்கான மறைமுகச் சான்றாகும். நேர்ச் சான்று வேண்டுமெனில், நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் வால் அடியிலும் கழுத்திலும் வாரி, வரும் கருந்துகள்களை நனைந்த வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பார்க்கலாம். சாதாரணத் தூசி நிறம் மாறாது, தெள்ளுப்பூச்சியின் எச்சமோ செரித்த இரத்தம் ஆகையால் செம்பழுப்பாய்க் கசியும்.

பூனைக்கு மருந்து போட்டபின்னும் அரிப்பு தணியவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்கு, பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை எண்ணிப்பாராததே காரணம். வளர்ந்த பெண் பூச்சி ஒரு நாளில் பல பத்து முட்டைகளை இடக்கூடும். ஒட்டும் தன்மையற்ற அம்முட்டைகள் பூனை படுக்குமிடமெல்லாம் உதிர்ந்து, வெளிச்சத்துக்கு அஞ்சும் புழுக்களாகப் பொரித்து, பாயின் அடியிலும் கட்டிலுக்குக் கீழ் வைத்த சாக்கிலும் தரைவெடிப்பிலும் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி அடைந்து கிடக்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி மாதக்கணக்கில் காத்திருந்து, நடமாட்டத்தின் அதிர்வையும் உடல் வெப்பத்தையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்து வெளிவர வல்லது. பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் அக்கூட்டைத் துளைப்பதில்லை. ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே காலத்தில், குறைந்தது மூன்று மாதமேனும் விடாமல் மருந்து கொடுப்பதும், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைப்பதும், தரையைப் பெருக்கித் துடைப்பதும் சேர்ந்தே பயன் தரும். குளிர்நாடுகளில் பனிக்காலம் தரும் ஓய்வுகூடத் தமிழ்நாட்டின் கரையோர ஊர்களில் கிடையாது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் தெள்ளுப்பூச்சிக்கு உகந்தவையாகவே இருக்கின்றன.

எந்த மருந்து என்பதில்தான் உயிருக்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது. நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி மிகுந்த அடர்த்தியில் உள்ளது. நாய் எளிதில் தாங்கும் அந்த அளவு பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கிக் கொல்லக்கூடும். பல வேதிப்பொருள்களோடு குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்து நீரில் கரையச்செய்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் மரபணு, பூனையினத்தில் செயலிழந்து கிடக்கிறது. இக்குறைபாட்டால்தான் மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு நஞ்சாகிறது. பினாயில், டெட்டால் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகள், தேயிலைமர எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம் ஆகியவற்றிலும் இதே எச்சரிக்கை தேவை. மேலும், பூனையின் தோலில் பூசுவது எதுவும் தோலோடு நிற்பதில்லை, சற்று நேரத்தில் நாவின் வழியே வயிற்றுக்குப் போய்விடுகிறது. புண்ணுக்கு மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கம் கொடுமையானது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பெர்மெத்ரின் போட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனையும் பாதிக்கப்படலாம். செலாமெக்டின், ஃபுளுரலானர் போன்றவற்றில் பூனைக்கென்றே அளவிட்டு விற்கப்படுபவை உள்ளன. எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு அவற்றைப் பெறுவதே முறை, கடைக்காரர் “பூனைக்கும் போடலாம்” என்று சொல்லும் வாய்ச்சொல் மருத்துவச் சீட்டு ஆகாது.

தெள்ளுப்பூச்சிக்கு அடுத்து நுண்ணுயிர்களையும் சிற்றுயிர்களையும் தேட வேண்டும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு சேர்ந்து பூனை தலையை உதறினால் காதுச்சிலந்திப்பேனும், காது விளிம்பில் தொடங்கி முகத்தில் தடித்த பொருக்காகப் பரவினால் சொறிப்பேனும் ஐயத்துக்குரியவை. பின்னது மனிதருக்கும் தற்காலிகமாக அரிப்பைத் தரும். படர்தாமரை எனப்படும் பூஞ்சைத் தொற்று குட்டிகளிடம் மிகுதி, அரிப்பே இல்லாமலும் இருக்கக்கூடியது, குழந்தைகளுக்கு எளிதில் தொற்றுவது. அதன் வித்துகள் உதிர்ந்த மயிரோடு வீட்டில் மாதக்கணக்கில் தங்கும். மனிதரின் படர்தாமரைக்கு இந்தியக் கடைகளில் விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூனைக்கும் தடவுவோர் உண்டு. சிவப்பு மறைவதுபோலத் தோன்றினாலும், எதிர்ப்பாற்றல் அடங்குவதால் பூஞ்சை பரவும், களிம்பும் வயிற்றுக்குள் போகும்.

கொசு அதிகமுள்ள ஊர்களில் பலர் கவனிக்கத் தவறும் காரணம் ஒன்றும் இருக்கிறது. மயிர் குறைந்த மூக்குத் தண்டிலும் காது மடலிலும் கொசு கடிக்க, அதற்கு ஒவ்வாமை கொண்ட பூனைக்கு அங்கெல்லாம் சிறு கட்டிகளும் புண்களும் தோன்றுகின்றன. இவை சண்டையில் பட்ட காயங்கள் என்றே கருதப்பட்டுவிடும். வலையடித்த அறைக்குள் சில நாட்கள் வைத்ததும் புண் ஆறத் தொடங்குவது இதைக் காட்டிக்கொடுக்கும். மனிதருக்கான கொசுவிரட்டிக் களிம்பைப் பூனைக்குப் பூசுவது மட்டும் கூடாது.

மேற்கண்டவை விலகியபின்னும் அரிப்பு தொடர்ந்தால் உணவை ஐயப்பட வேண்டும். புதிதாகக் கொடுத்த உணவே காரணம் என்று பலர் நினைக்கின்றனர்; உண்மையில் உடல் பலகாலம் பழகிய புரதத்துக்கே பெரும்பாலும் ஒவ்வாமை உண்டாகிறது. பூனைகளில் ஒவ்வாமை தரும் உணவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவற்றை முன்வரிசையில் வைத்தது. பூனைக்கென்று மீன்தலையை ஒதுக்கிவைக்கும் தமிழ் வீடுகளுக்கு இது கசப்பான செய்தி. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை இல்லை. பூனை இதுவரை உண்ணாத புரதத்தையோ, புரதம் மிகச் சிறு துண்டுகளாகச் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்து, தேறியபின் பழைய உணவை மீண்டும் தந்து அரிப்பு திரும்புகிறதா என்று பார்ப்பதே வழி. பக்கத்து வீட்டுத் தயிர்ச்சோறு ஒரு கவளம் இச்சோதனையைக் கெடுத்துவிடும் என்பதால், தெருவில் உலவும் பூனையிடம் இதை நடத்துவது ஏறத்தாழ இயலாத செயல்.

இத்தனை உழைப்பைத் தவிர்க்கும் குறுக்குவழியாகவே ‘மன அழுத்தம்’ என்ற தீர்ப்பு அடிக்கடி வழங்கப்படுகிறது. மன அழுத்தத்தால் மிகையாக நக்கும் பூனைகள் உண்மையில் உண்டு. ஆனால் அவை அரிது. மனம்சார்ந்த வழுக்கை என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்த ஆய்வு 2006இல் வெளியானது: 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணமாயிருந்தது, 3 பூனைகளுக்கு உடலும் மனமும் சேர்ந்து காரணமாயின, மனம் மட்டுமே காரணமானவை இரண்டுதான்.

எல்லாம் விலக்கப்பட்டபின் எஞ்சுவது, வீட்டுத்தூசி, மகரந்தம் முதலியவற்றால் தூண்டப்படும் ஒவ்வாமை. இதைக் குணப்படுத்த இயலாது, கட்டுப்படுத்தலாம். ஸ்டீராய்டு விரைவில் பயன் தரும். பிரெட்னிசோனைப் பூனையின் உடல் சரிவரப் பயன்படுத்துவதில்லை ஆகையால் பிரெட்னிசோலோன் மாத்திரையே ஏற்றது. மாதக்கணக்கில் நீடிக்கும் ஊசி வளர்ப்போருக்கு வசதிதான், ஆனால் தீங்கு நேர்ந்தால் திரும்பப் பெற முடியாது. ஸ்டீராய்டு பெறும் பூனை வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடித்தால், நீரிழிவு தொடங்கியிருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். நெடுங்காலத்துக்குச் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பொருத்தமானது. பயன் தெரியச் சில வாரம் பிடிக்கும். எதிர்ப்பாற்றலை அது அடக்குவதால், பச்சை இறைச்சி வழியாகவும் எலி வழியாகவும் தொற்றும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனைக்குக் கடுமையான நோயை உண்டாக்கக்கூடும். எனவே அம்மருந்து கொடுக்கப்படும் காலம் முழுவதும் பூனையை வேட்டைக்கு வெளியே விடாமல், வேகவைத்த உணவையே கொடுக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.