எக்ஸ்ரேக்குத் தப்பிய விரிசல்

'மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறேன். பாதத்தின் மேற்புறம் ஒரே இடத்தில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். தெரியலாம். ஆனால் பல நேரம் தெரிவது விரிசல் அல்ல, அதைச் சுற்றி நடக்கும் அமளி.

பழைய கதை சுருக்கமாக: அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்குவதை 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் பதிவு செய்தார். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தது 1897இல் எக்ஸ்ரே படங்களில்தான் தெரிந்தது. அந்த எக்ஸ்ரேயும் முதல் இரண்டு, மூன்று வாரங்கள் பெரும்பாலும் கைவிரித்துவிடும். புது எலும்பு படியத் தொடங்கினால்தான் அதற்குப் பிடிபடும்.

அல்ட்ராசவுண்டுக்கும் எலும்புக்கும் ஒத்துவராது என்பார்கள். பாதி உண்மை. எலும்பின் மேற்பரப்பில் நேராக மோதும் ஒலியில் ஏறக்குறைய 40 சதவீதம் திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே போய் அடங்கிவிடுகிறது. அதனால் எலும்புக்குள் ஒரே இருட்டு. மேற்பரப்பு மட்டும் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். பாதத்தின் நடு எலும்புகள் மேற்புறத் தோலுக்குச் சற்று அடியிலேயே இருப்பதால் 15 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தலாம். அதன் அலைநீளம் 0.1 மில்லிமீட்டர்தான்.

எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையைச் சுவர் பெயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விரிசல் விட்டால் முதலில் ஈரம் கசிந்து பெயின்ட் உப்பும். இங்கும் உறை மேலெழும்ப, வெள்ளைக் கோட்டின்மேல் கரும்பட்டை ஒன்று தெரியும். டாப்ளர் போட்டால் அங்கே ரத்த ஓட்டம் கூடியிருப்பது வண்ணத்தில் தெரியும். இந்தப் பெயின்ட் அதோடு நிற்பதில்லை. தானே கொத்தனாராகி, கலவை குழைத்து, விரிசல்மேல் ஒரு திண்டு எழுப்பிவிடுகிறது. பிறகு பல மாதம் உட்கார்ந்து அதைத் தேய்த்துச் சமன் செய்யும் வேலையும் நடக்கிறது. கூலி கிடையாது. எந்தப் பெயின்ட் கம்பெனியும் விளம்பரத்தில்கூட இப்படிச் சொல்லத் துணியாது.

இன்னொரு வசதி, நோயாளி விரல் வைத்துக் காட்டும் இடத்திலேயே கருவியை வைத்துப் பார்க்கலாம்.

'இனி எம்ஆர்ஐ எதற்கு, மைதானத்திலேயே பார்த்துவிடலாம்' என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. எக்ஸ்ரேயில் தென்படாத ஆரம்ப நிலை நடு எலும்பு முறிவுகளை வைத்து பிரான்ஸில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், எம்ஆர்ஐ காட்டிய முறிவுகளில் 83 சதவீதத்தை அல்ட்ராசவுண்ட் பிடித்தது. முறிவே இல்லாதவற்றிலும் ஏறக்குறைய நாலில் ஒன்றை முறிவு என்றது. பார்ப்பவரின் கைத்திறனைப் பொறுத்து இது மாறும். தவிர, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், இந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு மைதானம் மைதானமாகப் போவது நம் நாட்டில் அவ்வளவு சுலபமில்லை.

கேட்ட வாசகருக்கு: வலி விரல்களுக்குப் பின்னால், நடு எலும்பின் மேல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கணுக்காலுக்கு முன்னே, பாத வளைவின் உச்சியில் உள்ள படகெலும்பில் என்றால், அல்ட்ராசவுண்ட் 'ஒன்றுமில்லை' என்றாலும் ஓடாதீர்கள். ஆறத் தாமதமாகும் எலும்பு அது. அங்கே எம்ஆர்ஐதான்.