நோய் அபாயக் கணக்கை நம்பலாமா?

பத்துமலையின் 272 படிகளையும் மூச்சிரைக்காமல் ஏறுபவரிடமும் நீரிழிவு மறைந்திருக்கலாம். மலேசிய இனங்களுள் இந்தியரிடையே அந்நோய் மிகுதி. சில கேள்விகளைக் கேட்டு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் கருவிகள் இன்று இணையத்தில் பல உள. அவற்றை எவ்வாறு நம்புவது?

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நல்லதோர் சான்றாகும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பன நான்கே கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண். 60உம் அதற்கு மேலும் அபாயம் மிகுதி. இரத்தப் பரிசோதனை தேவை. சென்னை மக்களை ஆராய்ந்து வகுத்த கணக்கு இது. எவரும் தாளிலேயே கூட்டிச் சரிபார்க்கலாம், ஒளிவுமறைவில்லை.

இணையக் கருவியும் இவ்வாறே, யாரை ஆராய்ந்து கணக்கிட்டது, நம் விடைகள் எங்கே செல்கின்றன என்பவற்றை முதலிலேயே சொல்லவேண்டும். அது தருவது எச்சரிக்கையே; நோயுண்டு என்னும் தீர்ப்பன்று. இதனையும் மறையாது கூறும் கருவியே நம்பிக்கைக்கு உரியது.