பாறைக்குள் தண்ணீரைப் படம்பிடிக்கும் கருவி

மதுரை மேலூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கவலை தெரியும். முந்நூறு அடி இறங்கியும் வெறும் கல்தூசிப் புகைதான் வரும். பக்கத்துத் தோட்டத்திலோ நூற்றைம்பது அடியிலேயே தண்ணீர் கிடைத்திருக்கும். ஏன்?

மதுரைக்கு அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கெட்டிப் பாறைகள். யானைமலை போன்ற குன்றுகள் வெளியே தெரியும் மிச்சம். உளுக்காத பாறையில் துளைகள் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. மேலே உளுத்துப்போன பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். நீரோட்டம் என்கிறோம், உண்மையில் அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை, வெடிப்புகளில் தங்கி மெல்ல நகரும் நீர்தான்.

தோண்டாமலே அதைக் காட்டுகிறது மின்தடை ஆய்வு. காய்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. துளைகளில் நிற்கும் நீரில் உப்பு கரைந்திருப்பதால் அதன் வழியே மின்சாரம் போய்விடும். நிலத்தில் நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து, வெளிக்கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிக்கம்பிகளை விலக்க விலக்க, மின்சாரம் ஆழத்துக்கு இறங்கும். பிரான்சில் கோன்ராட் ஷ்லம்பெர்ஜர் 1912-ல் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. உளுக்காத கெட்டிப் பாறையின் மின்தடை எண் பெரும்பாலும் ஆயிரம் ஓம்-மீட்டரைத் தாண்டும். ஈரமான உளுத்த பாறையில் சில பத்துகளுக்கு இறங்கிவிடும்.

இப்போது பல பத்துக் கம்பிகளை ஒரே நேரத்தில் நட்டு, கணினியில் கணக்கிட்டு, பலாப்பழத்தைப் பிளந்ததுபோல நிலத்தின் குறுக்குவெட்டை வண்ணப் படமாக எடுக்கிறார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதே வரிசையைச் சித்திரையில் ஒருமுறையும் கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் அளந்தால், கண்மாய் நீர் எந்தப் பக்கமாகப் பாறைக்குள் இறங்கியது என்பதே ஓரளவு தெரியவரும்.

படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஈரக் களிமண்ணும் உப்புநீரும் நல்ல நீரைப் போலவே மின்தடையைக் குறைத்துக் காட்டும். ஆழம் கூடக் கூடப் படம் மங்கும். முந்நூறு அடிக்குக் கீழே விரலளவு வெடிப்பு அதில் தெரியாது. அதனால்தான் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் என்ன பாறை வந்தது என்ற விவரம் அவசியம்.

போர் போடும் முன் ஆய்வு செய்தவரிடம் இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அளவுகளையும் படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகைதான் வந்தது என்றாலும், எத்தனை அடியில் என்ன கல் வந்தது என்று எழுதி, பக்கத்துத் தோட்டக்காரரிடம் கொடுங்கள்.