அபராதம் கட்டும் முன் அழைப்பாணையைப் படியுங்கள்

"அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ தம்பி, எதற்கு அலைச்சல்?" 'பெட்டி கேஸ்' என்று நம் மக்கள் அழைக்கும் சிறுவழக்கில் நீதிமன்ற வாசலில் நிற்கும் சேரி இளைஞனுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுவே. பெரும்பாலும் அவனும் கட்டிவிடுகிறான்.

கட்டுவதென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று பொருள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 275ஆம் பிரிவின்படி அந்த ஒப்புதலைப் பதிவுசெய்து நடுவர் தண்டிக்கலாம். பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டத்தன்மையையும் மட்டுமே கேள்வி கேட்கலாம் என்கிறது 416ஆம் பிரிவு. குற்றமே நடக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாங்கள் நடத்திய வழக்கொன்றில், சுடுகாட்டுப் பாதை கேட்டுப் போராடிய கல்லூரி மாணவர்மீது நகரக் காவல் சட்டம் 75ஆம் பிரிவில் வழக்கு. ஒரு பிற்பகலில் பேருந்து நிலையத்தில் குடிபோதையில் ரகளை செய்தாராம். தந்தை பெயர் தவறு, கதவிலக்கம் தவறு. "இவ்வளவு பிழை, வழக்கு நிற்காது" என்றனர் நண்பர்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. குற்றச்சாட்டில் உள்ள பிழை, எதிரியைத் தடுமாறச் செய்து நீதி பிறழ வைத்தாலன்றிப் பொருட்படுத்தத்தக்கதல்ல என்பது 238ஆம் பிரிவு. பெயர்ப்பிழையை எழுத்துப்பிழை என்று சொல்லி நடுவர் கடந்துவிடுவார்.

நாங்கள் பற்றிக்கொண்டது தேதியை. அந்தப் பிற்பகலில் அவர் பருவத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். தேர்வறை வருகைப் பதிவேட்டையும் அதைப் பராமரித்த ஆசிரியரையும் நீதிமன்றத்துக்கு வரவழைத்தோம். 'அந்த ஆள் இவர்தானா' என்று காவலரிடம் குறுக்கு விசாரணை செய்தபோதுதான் தந்தை பெயர்ப் பிழைக்கும் எடை வந்தது. அதுவரை அதைப் பற்றி நாங்கள் வாய்திறக்கவில்லை. முன்பே சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஐந்து வாய்தாக்களுக்குப் பின் விடுதலை.

ஐந்து நாள் கூலி இழப்பதற்கு அபராதமே மேல் என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டால் எளிதான பதில் இல்லை. ஆனால் காவலர் தேர்வுக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேறு. 2016இல் அவதார் சிங் வழக்கில், இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தாலும் பணி அமர்த்துவோர் மன்னிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அது அவர்களின் விருப்புரிமை, நமது உரிமையன்று.

எனவே, விடுதலையான பின்னும் சரிபார்ப்புப் படிவம் கேட்டால் வழக்கைக் குறிப்பிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள். அந்த நகலுக்குத் தீர்ப்பு வந்த வாரத்திலேயே மனுச் செய்துவிடுவது நல்லது.