சலூனில் தலையைத் திருப்பி 'நெட்டி' எடுக்கிறீங்களா? உஷார்!

சென்னை,

நாள் முழுக்க மூட்டை தூக்கும் தொழிலாளி, ராத்திரி பகலாக ஆட்டோ ஓட்டுபவர், கால் கடுக்க நிற்கும் ஜவுளிக்கடை ஊழியர்... எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை உடம்பு வலி. சலூனுக்குப் போனால் முடி வெட்டிய கையோடு தலையையும் தோளையும் பிடித்து விடுவார்கள். அப்படியே கண்ணைச் சொக்கும். கடைசியில் வரும் ஒரு கேள்வி, "அண்ணே, நெட்டி எடுத்து விடவா?"

இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

'டக்' சத்தம் எப்படி வருகிறது?

தாடையையும் பின்னந்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்பினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். எலும்பு 'செட்' ஆகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வரும் சத்தம்தான் அது.

மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் 4 முக்கிய ரத்தக் குழாய்கள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. முன்பக்கம் 2, பின்பக்கம் 2. பின்பக்கக் குழாய்கள் கழுத்து எலும்பின் ஓட்டைகளுக்குள் புகுந்து போகின்றன. கழுத்தைச் சட்டென்று முறுக்கும்போது குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்தான்.

இது எல்லோருக்கும் நடப்பதில்லை. அபூர்வம்தான். ஆனால் நடந்தால் குடும்பமே நிலைகுலைந்து போகும். 2024-ல் கர்நாடக மாநிலம் பல்லாரியில் 30 வயது தொழிலாளி ஒருவருக்கு, சலூனில் கழுத்தைத் திருப்பிய பிறகு ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தது.

அப்போ மசாஜே கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். பதமாகப் பிடித்து விட்டால் இறுகிய தசை தளரும், மனசு லேசாகும், நல்ல தூக்கம் வரும். இடுப்பு வலி, தோள் வலிக்கு கொஞ்ச நாளைக்கு நிவாரணம் கிடைக்கும். ஆனால் ஜவ்வு விலகல், எலும்பு முறிவு போன்றவற்றை மசாஜ் குணமாக்காது.

சித்த மருத்துவத்தில் இதற்கு 'தொக்கணம்' என்று பெயர். 32 வகை புற மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என 9 வகையாகச் செய்கிறார்கள்.

எங்கே போகலாம்?

தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில், டாக்டர்கள் பரிசோதித்த பிறகு தொக்கணம், வர்மம் போன்ற சிகிச்சைகள் தரப்படுகின்றன. அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் சித்த சிகிச்சை பெறலாம். ஸ்பாக்களைப் போல ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

யார் தவிர்க்கணும்?

* காய்ச்சல் இருப்பவர்கள்

* புதிதாக அடிபட்டு வீங்கிய இடம், புண் உள்ள இடம்

* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் உண்டு

* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்

108-க்கு போன் போடுங்க

நெட்டி எடுத்த பிறகு கடுமையான கழுத்து வலி, தலைசுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்க கை கால் மரத்துப் போவது என எது வந்தாலும் 'தூங்கினா சரியாயிடும்' என்று படுத்துவிடக் கூடாது. சில பேருக்கு சில நாள் கழித்தும் வரலாம். உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அடுத்த தடவை சலூன் நாற்காலியில் உட்காரும்போது, "தோளை மட்டும் பிடிச்சு விடுப்பா, கழுத்தைத் திருப்பாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கடைக்காரருக்கும் வம்பு இல்லை, நமக்கும் வம்பு இல்லை.