முதல் வில் ஏன் முறிகிறது? மரத்தில் 'லாங்போ' செய்வது எப்படி?

1991 செப்டம்பர். ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனித உடல் தெரிந்தது. மலையேறும்போது விபத்தில் இறந்த யாரோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆய்வு செய்த பிறகுதான் அவர் இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது தெரிந்தது. 'ஓட்ஸி' என்று இன்று உலகம் அழைக்கும் அந்தப் பனி மனிதரின் பொருள்களில் 1.82 மீட்டர் நீள வில் ஒன்றும் இருந்தது. ஓட்ஸியின் உயரமே சுமார் 1.60 மீட்டர்தான். ஆளைவிட வில் பெரிசு!

ஆனால், அந்த வில் செய்து முடிக்கப்படவில்லை. கோடரியால் செதுக்கிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. கூடவே இருந்த 14 அம்புகளில் இரண்டுதான் முழுமையானவை. மனுஷன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

முதன்முதலாக மரத்தில் வில் செய்யப் பார்க்கும் யாரும் ஓட்ஸி நின்ற அந்தக் கட்டத்துக்கு ஓரிரு நாளில் வந்துவிடலாம். பார்க்க வில் மாதிரியே இருக்கும் ஒரு கட்டை ரெடி. 'ஒரே நாளில் வில் செய்யலாம்' என்று சொல்லும் வீடியோக்கள் காட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான். வில் பிழைக்குமா, முறியுமா என்பது முடிவாவது அதற்குப் பிறகுதான்.

லாங்போ என்றால் என்ன?

பெயரிலேயே இருக்கிறது: நீளமான வில். கிட்டத்தட்ட ஆள் உயரம் அல்லது அதற்கும் மேல். இங்கிலாந்துப் படைகள் 1415-ல் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையை வென்றதில் இந்த வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கால வில் எப்படி இருந்தது என்பதை ஒரு கப்பல் விபத்துதான் நமக்குக் காட்டியது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' 1545-ல் மூழ்கியது. 1982-ல் அதைக் கடலிலிருந்து தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த முழு வில்கள் மட்டும் நூற்றுக்கு மேல். அம்புகள் 3,500-க்கும் அதிகம். வில்கள் சராசரியாக ஆறரை அடி நீளம். அவற்றை முழுதாக இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது 45 முதல் 84 கிலோ வரை விசை வேண்டும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

முதல் வில் செய்பவர் இந்த எண்களைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. 40 பவுண்டு, அதாவது 18 கிலோ இழுவிசை போதும். உண்மையைச் சொன்னால், பழக்கமில்லாதவருக்கு அதுவே தோளைப் பிடித்துவிடும்.

முதுகும் வயிறும்

வில்லை வளைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? அம்பு விடுபவரின் முகத்தைப் பார்க்கும் பக்கத்துக்கு 'வயிறு' என்று பெயர். இலக்கைப் பார்க்கும் பக்கம் 'முதுகு'. நாணை இழுத்தால் முதுகு நீள முயலும், வயிறு நசுங்கும். ஒரே கட்டை, ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலை.

யூ மரத்தை ஐரோப்பியர்கள் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான். அதன் வெளிப்புற வெளிர் மரம் இழுவிசையை நன்றாகத் தாங்கும். உள்ளே இருக்கும் வைரம் நசுங்குவதைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வில்லை வெட்டி எடுத்தால் முதுகும் வயிறும் இயற்கையாகவே அமைந்துவிடும். யூ மரத் தட்டுப்பாட்டால் 1472-ல் இங்கிலாந்து ஒரு சட்டமே போட்டது: துறைமுகத்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் சரக்கின் அளவுக்கேற்ப வில் கட்டைகளையும் கொண்டுவர வேண்டும். ஒரு 'டன்' சரக்குக்கு நான்கு கட்டை.

இன்று முதல் வில்லுக்கு யூ தேவையில்லை. விலை அதிகம், கணுக்களும் அதிகம். அமெரிக்காவில் புதிதாகச் செய்பவர்கள் பலர் மரக்கடையில் ரெட் ஓக் அல்லது ஹிக்கரி பலகை வாங்குகிறார்கள். அங்கேயே பாதி வெற்றி தோல்வி முடிவாகிவிடுகிறது. பலகையில் ஓடும் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகப் போக வேண்டும். நடுவில் ஓரத்தைத் தாண்டி வெளியே ஓடினால், வளைக்கும்போது முதுகு அந்த இடத்தில்தான் பிளக்கும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, முப்பது பலகையைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுங்கள்.

பலகை இல்லாமல் மரத்துண்டிலிருந்தே செய்வதானால் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். வெட்டிய உடனே இரு முனைகளிலும் பசையோ பெயின்ட்டோ பூச வேண்டும். இல்லாவிட்டால் முனை வழியாக வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும். பிறகு நிழலில் மாதக்கணக்கில் உலர வேண்டும். முதுகில் ஒரே ஆண்டு வளையம் முழு நீளத்துக்கும் அறுபடாமல் இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. வளையத்தை ஒரு இடத்தில் வெட்டிவிட்டால் முறிவு தொடங்க அதுவே வழி.

வெட்டும் வேலை

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடி நீளம், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம். நடுவில் சுமார் நான்கு அங்குலம் கைப்பிடிக்காகத் தடிமனாக விட வேண்டும். பழைய ஆங்கில வில் குறுக்குவெட்டில் 'டி' எழுத்து மாதிரி உருண்டிருக்கும். முதல்முறை செய்பவருக்குத் தட்டையான, கொஞ்சம் அகலமான கைகள் பாதுகாப்பு. சுமை பரவும்.

டில்லரிங்: அசல் வேலை இங்கேதான்

வில்லின் இரண்டு கைகளும் சமமாக, எல்லா இடத்திலும் சீராக வளையும்படி வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவதுதான் டில்லரிங். கேட்க எளிதுதான். ஆனால், ஒரு சின்னக் கணக்கு பயமுறுத்தும். அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவினால், அந்த இடத்தின் விறைப்பில் கால்வாசிக்கும் மேல் போய்விடும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வளைய ஆரம்பித்ததும் நீளமான, தளர்வான நாணை மாட்டி, சுவரில் அடித்த ஒரு கட்டையில் வில்லைக் கிடையாக வைத்து, கப்பி போட்டுக் கயிற்றால் கீழே இழுக்க வேண்டும். இழுப்பவர் சில அடி தள்ளி நின்று பார்க்கலாம் என்பதுதான் கப்பியின் பயன். வளைவு தெளிவாகத் தெரியும், முறிந்தாலும் முகத்தில் அடிக்காது.

என்ன பார்க்க வேண்டும்? எங்கே வளையாமல் நேராக நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறி. எங்கே கதவுக் கீல் மாதிரி மடங்குகிறதோ, அந்த இடத்தைத் தொடவே கூடாது. கீலைச் சரிசெய்ய அதன் இரு பக்கமும் உள்ள விறைப்பான பகுதியைத்தான் சீவ வேண்டும். புதியவர்கள் பலர் இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒவ்வொரு முறை சீவிய பிறகும் இருபது, முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட வேண்டும். சீவியதன் விளைவு மரத்தில் உடனே முழுதாகத் தெரியாது. இன்னொரு விதி: நீங்கள் கடைசியில் விரும்பும் இழுவிசையை நடுவில் ஒருபோதும் தாண்டக் கூடாது. 40 பவுண்டு வில் வேண்டுமென்றால், 10 அங்குலம் இழுத்தபோதே 40 பவுண்டு வந்துவிட்டது என்றால் அங்கேயே நிறுத்திச் சீவ வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போமே' என்ற நப்பாசைதான் பல முதல் வில்களைக் கொன்றிருக்கிறது. இப்படியே 28 அங்குலம் வரை போக வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம்.

நடுவில் நாணைச் சரியான நீளத்துக்குக் குறைத்துக் கட்ட வேண்டும். நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே சுமார் ஆறு அங்குலம் போதும். மூடிய முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம் என்பது பழைய கைக்கணக்கு.

முறிந்தால்?

வில்லை முறித்துப் பெண் வாங்கியது ராமன் மட்டும்தான். மற்றவர்களுக்கு விறகுதான் மிச்சம். ஆனால், அந்த விறகைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். முதுகில் நீளமான சிம்பு எழும்பிப் பிளந்திருந்தால், பெரும்பாலும் ரேகை வெளியே ஓடிய பலகை. வயிற்றில் குறுக்காகச் சன்னமான மடிப்புக் கோடுகள் இருந்தால், அந்த இடம் மட்டும் அதிகமாக வளைந்திருக்கிறது, டில்லரிங் கோளாறு. முறியாமல் நிரந்தரமாக வளைந்தே நின்றுவிட்டால், மரத்தில் ஈரம் அதிகமாக இருந்திருக்கலாம். இல்லை, அவசரப்பட்டு இழுத்திருக்கலாம். பலகையில் சந்தேகம் இருந்தால் முதுகில் பருத்தி அல்லது லினன் துணியை மரப் பசையால் ஒட்டிவிடலாம். சிம்பு எழும்புவதைக் கொஞ்சம் தடுக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்வது கட்டாயம்.

நல்லபடியாக முடிந்தால் உப்புத்தாள் போட்டு, எண்ணெயோ வார்னிஷோ பூசி ஈரம் ஏறாமல் காக்கலாம். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றி வையுங்கள். முக்கியமாக, சினிமா ஹீரோ மாதிரி அம்பில்லாமல் நாணை இழுத்து 'டங்' என்று விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் மொத்தமும் வில்லின் கைகளுக்கே திரும்பும். மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் சீவிய வில், அந்த ஒரு 'டங்'கில் போய்விடலாம்.